எங்கள் கரையைத் தாண்டிப் போன குரல்

ரேடியோவில் பேசுகிறவர்களுக்கு வேர்க்காது என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தாள். மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மஞ்சக்குப்பத்து வக்கீல் வீடுகளுக்கெல்லாம் போகிறவள் அவள். கொல்லைப்பக்கம் உட்கார்ந்து சங்கராவுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருக்கும்போது உள்ளே கூடத்திலிருந்து செய்தி வாசிக்கிற குரல் கேட்கும். ஒரு தும்மல் கிடையாது, ஒரு திக்கல் கிடையாது. "அவுங்கல்லாம் ஃபேனுக்குக் கீழ பொறந்து ஃபேனுக்குக் கீழயே வளந்தவுங்க. தொண்டையப் பாத்தாலே தெரியும்" என்பாள். தொண்டையை எங்கே பார்த்தாள் என்று நான் கேட்டதில்லை.

அதனால்தான், போன வருஷம் கோடையில் ஒரு நாள், "நான் ரேடியோல பேசப் போறேன்" என்று நான் சொன்னதும் அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

எனக்கு ரேடியோ என்றால் பைத்தியம். எங்கள் குப்பத்தில் வீட்டுக்கு வீடு ரேடியோ இருக்கிற காலம் இன்னும் வரவில்லை. கரண்டு சாவடியோடு நின்றுவிட்டது. சாவடி என்றால் ஊர்ப் பஞ்சாயத்து கூடுகிற ஓட்டுக் கட்டிடம். சர்க்கார் கொடுத்த ரேடியோ அங்கேதான், ஒரு மரப்பெட்டிக்குள் பூட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கும். வெளியே கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர், வாயைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு. சாவி என் மாமாவிடம். அவர் அம்மாவுக்கு அண்ணன்; ஊருக்கு நாட்டார், அதாவது பஞ்சாயத்தில் எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு கடைசியாகப் பேசுகிறவர். எனக்கு நினைவு தெரியும் முன்பே அப்பா போய்விட்டதால் எங்கள் வீட்டிலும் கடைசியாகப் பேசுகிறவர் அவர்தான். சாயங்காலமானால் வருவார். அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை எடுப்பார். கோயில் கதவைத் திறக்கிற மாதிரி பெட்டியின் கதவைத் திறப்பார். குமிழை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது.

திருகினதும் சத்தம் வராது. உள்ளே வால்வு சூடேற வேண்டும். முதலில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மினுக்கல். அப்புறம் எங்கோ ரொம்பத் தூரத்தில் யாரோ அரிசி புடைக்கிற மாதிரி ஒரு இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு மனிதக் குரல் மெல்ல, தண்ணீருக்கு அடியிலிருந்து ஏறி வருகிற மாதிரி வரும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் நான் சாவடிக்குப் போவேன். குரல் வந்து நிலைத்த பிறகு நெல்லுக்கு என்ன பூச்சி மருந்து என்று ஏதாவது சொல்வார்கள். நெல்லே இல்லாத எங்கள் ஊர் அதைப் பயபக்தியோடு கேட்கும்.

பி.யூ.சி. படித்த அந்த ஒரு வருஷமும் நான் முதுநகர் ஸ்டேஷனிலிருந்து சிதம்பரத்துக்கு ரயிலில் போய்வந்தேன். மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து, உப்பங்கழியைத் தாண்டி, பாசஞ்சரில் ஏறினால் ஜன்னலோரம். பரங்கிப்பேட்டைக்கு முன்னே பின்னே ஆறுகள் அகலமாகிக் கடலைத் தேடுகிற இடத்தில் வண்டி பாலத்தின்மேல் மெதுவாகப் போகும். அப்போது கண்ணை மூடிக்கொள்வேன். புத்தகத்தில் படித்தது நினைவுக்கு வரும்: இந்தக் காற்று காலியாக இல்லை. இந்த நிமிஷம் என் தலைமுடிக்குள்ளே கொழும்பு பாடிக்கொண்டிருக்கிறது. எதிரே தூங்குகிற பெரியவரின் வேஷ்டி மடிப்பில் சென்னை செய்தி வாசிக்கிறது. டிக்கெட் பரிசோதகரின் குடை வழியாகத் திருச்சி போய்க்கொண்டிருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை, யாருக்கும் வலிக்கவில்லை. இப்படி நினைத்துக்கொண்டே போய் ஒரு தடவை சிதம்பரத்தில் இறங்க மறந்து கொள்ளிடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

பரீட்சையில் முதல் வகுப்பு வந்தது. மாமா ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். அத்தோடு சரி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் வேண்டும். அதற்குச் சாயங்காலம் வரைக்கும் லேபில் நிற்க வேண்டும். ரயிலில் போய்வந்து முடியாது, சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்க வேண்டும். எங்கள் குப்பத்தில் எந்தப் பெண்ணும், கல்யாணம் ஆகாமல், வேறு ஊரில் ஒரு ராத்திரிகூடத் தங்கினதில்லை. சாவடியில் பேச்சு வந்தது. ரயிலில் போகிற வரைக்கும் பொறுத்துக்கொண்டோம், இது ஜாஸ்தி என்றார்கள். நாளைக்கு மற்ற வீட்டுப் பெண்களும் கேட்பார்கள் என்றார்கள். மாமா வாயே திறக்கவில்லை. அவர் வாய் திறக்காவிட்டால் முடிவு இல்லை என்று அர்த்தம். முடிவு இல்லையென்றால் நான் போக முடியாது என்று அர்த்தம்.

அந்தச் சமயத்தில்தான் யுனிவர்சிட்டியிலிருந்து கடிதம் வந்தது. திருச்சி ரேடியோ நிலையத்தில் மாணவர் நிகழ்ச்சிக்கு விஞ்ஞானம் பேச எங்கள் லெக்சரர் அம்மா என் பெயரைக் கொடுத்திருந்தார்கள்.

மாமா கடிதத்தை வாங்கி, தலைகீழாகவும் நேராகவும் பார்த்து, முத்திரையைத் தடவிப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது, முத்திரை தெரியும்.

"இது நம்ம பொட்டியில வருமா?" என்றார்.

"வரும் மாமா. எல்லாப் பொட்டியிலயும் வரும்."

"சென்னைப் பட்டணத்து வக்கீல் வூட்டுப் பொட்டியிலகூடவா?"

"அதுலயும் வரும்."

கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். "பாப்பா, ஊரு வாய மூடறது என்னால ஆவாது. நான் ஒண்ணு சொன்னா, தங்கச்சி மவளுக்காகச் சொல்றான்னுவாங்க. ஆனா அந்தப் பொட்டி பேசுனா ஊரு வாய மூடிக்கினு கேக்கும், இல்ல? உன் குரலு அதுல வரட்டும். ஊரே கேக்கட்டும். சர்க்காரே கூப்புட்டுப் பேச வெக்கிற பொண்ணுன்னு ஆயிட்டா அப்புறம் எவன் இன்னா சொல்லுவான்? நானே உன் டிரங்குப் பெட்டியத் தூக்கிக்கினு சிதம்பரம் வரேன்."

ஆகவே என் படிப்பு மொத்தமும் அந்தப் பூட்டுப் பெட்டிக்குள் போய்விட்டது. குரல் வந்தால் ஹாஸ்டல். வராவிட்டால் கருவாடு.

திருச்சியில் அந்த அறையைப் பற்றி இன்னும் கனவு வருகிறது. சுவரெல்லாம் துணி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. கனமான கதவைச் சாத்தினதும் உலகம் நின்றுபோயிற்று. கடற்கரையில் பிறந்தவர்களுக்குக் காதின் அடியில் எப்போதும் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். சிதம்பரம் கிளாஸ் ரூமில்கூட எனக்கு அது கேட்கும். அந்த அறையில் அதுவும் நின்றது. என் ரத்தம் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது. மேஜைமேல் மைக், மேலே ஒரு சிவப்பு விளக்கு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி, அவர் பக்கத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு வந்த லெக்சரர் அம்மா.

எனக்கு நன்றாக வேர்த்தது. அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று முதலில் தோன்றியது அதுதான்.

காற்றில் இத்தனை நிலையங்கள் ஒரே சமயத்தில் பேசும்போது ஒரு ரேடியோப் பெட்டி எப்படி ஒன்றை மட்டும் பொறுக்கி எடுக்கிறது என்பதுதான் என் பேச்சு. ஒரு தடவை ஒத்திகை வாசித்தேன். அதிகாரி கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"விஷயம் நல்லா இருக்கும்மா. ஆனா பாடபுஸ்தகம் மாதிரி இருக்கு. உனக்கு எந்த ஊர், கடலூரா? கடலோரமா? அப்ப அங்கேருந்து ஏதாவது உதாரணம் சொல்லேன். கேக்கறவங்களுக்குக் கண்ணு முன்னாடி தெரியணும்."

சொல்லவேண்டுமா எனக்கு. பென்சிலை எடுத்து அங்கேயே எழுதினேன். வலை பின்னுகிற இடத்தில் எங்கள் வீட்டு ஆண்கள் பேசிக்கொள்வதைச் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் நான். கடலுக்கு மேலே கல் நட்டு அடையாளம் வைக்க முடியாது, என்று எழுதினேன். ஆனாலும் எங்கள் கரைக்காரர்கள் தண்ணீருக்குள் இருக்கிற ஒரு பாறைத் திட்டுக்கு நேராகப் போய் நிற்பார்கள். எப்படி என்றால், விளக்குக் கோபுரமும் அதன் பின்னால் இருக்கிற ஒற்றைப் பனையும் ஒன்றை ஒன்று மறைக்கிற மாதிரி கட்டுமரத்தை நிறுத்திக்கொள்வார்கள். அந்தக் கோட்டை விடாமல் வெளியே போவார்கள். வடக்கே கோயில் கோபுரமும் சவுக்குத் தோப்பின் முனையும் அதேபோல் ஒன்றாகிற இடம் வந்ததும் நங்கூரம். அடியில் பாறை, பாறையைச் சுற்றி சங்கரா. கொஞ்சம் நகர்ந்தால் பனை எட்டிப்பார்க்கும். வேறு இடம், வெறும் சேறு. ரேடியோவின் குமிழைத் திருகுவதும் இதுதான். இரண்டு ஒன்றாகிற அந்த ஓரிடத்தில்தான் குரல் கிடைக்கும்.

அதிகாரிக்கு ரொம்பத் திருப்தி. சிவப்பு விளக்கு எரிந்தது. பேசினேன். "போறேன்" வரக்கூடிய இடத்திலெல்லாம் ஜாக்கிரதையாகப் "போகிறேன்" என்றேன். முடிந்ததும் டேப்பைத் திருப்பி ஓடவிட்டுக் காட்டினார்கள். இரண்டு பெரிய சக்கரங்கள் சுற்ற, உள்ளேயிருந்து யாரோ ஒரு பெரிய மனுஷி பேசினாள். நிதானமானவள், ஃபேனுக்குக் கீழே பிறந்தவள். நான் திரும்பி லெக்சரர் அம்மாவைப் பார்த்தேன். "நீதான்" என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ரயிலில் திரும்பி வருகிறபோது அந்தப் பெண் திருச்சியிலேயே தங்கிவிட்ட மாதிரியும், ஒலிபரப்பாகிற வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு அவள் தனியாகக் கிளம்பி எங்கள் ஊருக்கு வரப்போகிற மாதிரியும் இருந்தது.

அம்மாவுக்குப் புரியவைக்க ரொம்பப் பாடுபட்டேன்.

"நீ திருச்சிக்குப் போய்ப் பேசிட்டே."

"ஆமா."

"பேசினது முடிஞ்சுபோச்சு."

"ஆமாம்மா."

"அப்ப வியாழக்கிழம யாரு பேசறது?"

"நான்தான்."

"நீ இங்க எம் பக்கத்துல நிக்கறப்பவா?" அம்மா வெற்றிலையைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டாள். "நல்லாத்தான் படிக்க வெச்சேன்" என்றாள்.

ஆனாலும் அந்த வாரம் முழுக்க மஞ்சக்குப்பத்தில் அவள் கூடை இறக்கின வாசல்களிலெல்லாம் சொல்லிவிட்டாள். ஊரில் மாமா சொல்லிவிட்டார். ஸ்பீக்கர் குழாயை யாரோ சாம்பல் போட்டுத் துலக்கிவிட்டார்கள். மாமாவின் மகன், எனக்கு மச்சான் முறை, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறவன் நின்று, "அதுலயாச்சும் நடுவுல மூச்சு வுட்டியா, இல்ல இங்க பேசற மாதிரியேதானா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை விடிவதற்கு முன்பே கட்டுமரங்கள் கடலுக்குப் போயின. மச்சானும் என் சித்தப்பாவும் ஒரே மரத்தில். சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி. ஊரிலேயே பெரிய வாய்க்காரர். "ஆறரைக்கு நான் இல்லாம ஆரம்பிக்கச் சொல்லாத" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். பத்து மணிக்கு மேல் ஒவ்வொரு மரமாகக் கரை ஏறிற்று. நடுப்பகலில் எல்லாம் ஏறிவிட்டன. அவர்கள் மரம் மட்டும் வரவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மரம் ஒன்று திரும்பவில்லையென்றால் கரையில் சத்தம் கூடாது. மேளம் கிடையாது, உரல் கிடையாது, குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும். ரேடியோ கண்டிப்பாகக் கூடாது. சாமி கோபித்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள், ஆனால் காரணம் ரொம்ப நேரானது. கடலில் தத்தளிக்கிறவன் முதலில் கூப்பிடுவான். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத்தான் தெரிவான். அதனால் ஊரே வந்து மணலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும். சாயங்காலத்துக்குள் எங்கள் குப்பம் முழுக்கத் தண்ணீர் ஓரத்தில் நின்றது. யாரும் பேசவில்லை. எல்லா முகமும் ஒரே பக்கம், தலை கொஞ்சம் சாய்ந்து. சாவடியில் ரேடியோவுக்கு முன்னால் நிற்பார்களே, அதே மாதிரி.

சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றாள். மாமா கணுக்கால் தண்ணீரில் நின்றார். அரைஞாண் கயிற்றில் சாவி தொங்கிற்று. நான் அதைப் பார்க்கக் கூடாது என்று வானத்தைப் பார்த்தேன், கடலைப் பார்த்தேன், திரும்பவும் அதைத்தான் பார்த்தேன். உள்ளே போயிருக்கிறவர் என்னைத் தோளில் தூக்கி வளர்த்த சித்தப்பா, கூடப் போயிருக்கிறவன் மச்சான். மனசு அடித்துக்கொண்டது உண்மை. அதே மனசு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி நடக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வெயில் இறங்கி, தண்ணீர் பித்தளை நிறமாயிற்று. மாமா திரும்பினார். ஊரிலேயே கடிகாரம் கட்டியிருந்தது நான் ஒருத்திதான்.

"பாப்பா, மணி இன்னா?" என்றார், மெதுவாக.

"ஆறரை, மாமா."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவருக்கும் உறைத்தது. ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். கை தானாக இடுப்புக்குப் போயிற்று. பிறகு கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நேரத்தில் அவள் வந்தாள். திருச்சியிலிருந்து கிளம்பின அந்தப் பெண். எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் நெல் வயல்களுக்கு மேலே, கீரப்பாளையத்து வைக்கோல் போர்களுக்கு மேலே, சிதம்பரத்துக் கோபுரங்களுக்கு நடுவே, உப்பளங்களுக்கு மேலே வந்து, எங்கள் கூரைகளுக்குள் புகுந்து, சாவடிப் பூட்டுக்குள் புகுந்து, மாமாவின் முதுகு வழியாக, அம்மாவின் முந்தானை வழியாக, சித்தியின் அழுகை வழியாகப் போய்க்கொண்டிருந்தாள். நல்ல தமிழில், மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே. ஒருத்தருக்கும் கேட்கவில்லை. ஊர் மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற ஒரே சாயங்காலம் அது, என் குரல் அத்தனை பேருக்கும் நடுவில் நின்று பேசிவிட்டு, நிற்காமல் கடல்மேல் போய்விட்டது. கடிகாரத்தில் பெரிய முள் நகர்ந்ததும், முடிந்தது என்று தெரிந்தது. ஹாஸ்டலும் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அதை நினைத்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

கரையில் சவுக்குக் கட்டைகளைப் போட்டு நெருப்பு மூட்டினார்கள். நாங்கள் அங்கேயே உட்கார்ந்தோம். தூங்கினோமா என்று தெரியாது.

விடிந்து, வெயில் சுள்ளென்று ஏறின பிறகு வடக்கேயிருந்து மணலில் இரண்டு பேர் நடந்து வந்தார்கள். முன்னால் வந்தவன் மச்சான். பின்னால், தலைப்பாகை அவிழ்ந்து தோளில் கிடக்க, சித்தப்பா. சித்தி ஓடினாள். மாமா ஓடவில்லை. மகன் கிட்டே வந்ததும் அவன் பிடரியில் ஓர் அடி வைத்தார். பிறகு அந்தக் கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தார்.

பாய்மரம் முறிந்துவிட்டதாம். நீரோட்டம் வடக்கே இழுத்துக்கொண்டு போனதாம். பொழுது சாய்வதற்குள் புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் கரை ஏறிவிட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் கஞ்சி ஊற்றிப் படுக்க இடம் கொடுத்து, காலையில் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

"புதுச்சேரியா?" என்று கூட்டத்தில் யாரோ இழுத்தார்கள். எங்கள் பக்கம் மதுவிலக்கு. அந்தப் பக்கம் கிடையாது. "கஞ்சிதான் ஊத்தினாங்களா?"

"நடுக்கடல்ல நாங்க செத்துப் பொழச்சு வரோம், இவனுக்குக் கேலி" என்றார் சித்தப்பா. "அத வுடு. அதவிடப் பெரிய அக்கிரமம் ஒண்ணு நடந்திருக்குது. மச்சான், கேளு." அவர் மாமாவைத்தான் கூப்பிட்டார். "அந்த ஊர்ச் சாவடியில ரேடியோ பாடுது. நாங்க கஞ்சி குடிச்சுக்கினு இருக்கோம். எவளோ ஒருத்தி பேசறா. கலெக்டர் பொண்டாட்டி கணக்கா பேசறா. இன்னாமோ திருகறது கிருகறதுன்னு சொல்லிக்கினே வந்தா. திடீர்னு, வெளக்குக் கோபுரமும் ஒத்தப் பனையும் ஒண்ணு சேரணும்ன்றா. எனக்குக் கஞ்சி எறங்கல. அப்புறம் கோயிலு கோபுரம்ன்றா, சவுக்குத் தோப்புன்றா. அடியில பாறை, சங்கரா கெடக்குதுன்னு வேற சொல்லிட்டா. மச்சான், அது நம்ம பாறை. உங்கப்பன் உனக்கும் எங்கப்பன் எனக்கும் காட்டுனது. நம்ம ஊர்லயே மத்தவனுக்குச் சொல்லாதது. வடக்கத்திப் பசங்க அத்தினி பேரும் என் மூஞ்சியப் பாக்கறானுங்க. 'இன்னாங்க, உங்க கடலூரா?'ன்றான். எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். எந்தப் பாவி மவளோ, நம்ம சோத்துல மண்ண அள்ளிப் போட்டா."

கரை திரும்பவும் அமைதியாயிற்று. இந்தத் தடவை எல்லா முகமும் என் பக்கம்.

ஒரு வீட்டின் பாறையை அடுத்த வீட்டுக்காரனுக்கே சொல்லக் கூடாது என்று எங்கள் ஊரில் பேச்சு வருவதற்கு முன்பே குழந்தைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சிவப்பு விளக்கு எரிந்த அந்த அறையில் அது ஒரு பாறையாக எனக்குத் தோன்றவேயில்லை, உதாரணமாகத்தான் தோன்றிற்று.

"எந்தப் பாவி மவளும் இல்ல, எம் மவதான்" என்றாள் அம்மா.

சித்தப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவளா? போங்க அண்ணி. அது இவ குரலு இல்ல. அது நல்லாப் படிச்ச பொம்பள."

"அவதான்" என்றான் மச்சான். "மூச்சே வுடல. எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சா சொல்லக் கூடாதாடா?"

"நீங்க அவளத் திட்டிக்கினே வந்தீங்க. கேக்க நல்லா இருந்துச்சு."

அம்மா இவர்கள் யாரையும் கவனிக்கவில்லை. சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வந்துச்சா? நெசமாவே வந்துச்சா? திக்காம பேசினாளா?" என்று கேட்டாள். பாறையைப் பற்றி அவளுக்கு ஒரு வார்த்தை காதில் விழவில்லை. சித்தப்பா கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், "திக்கல" என்றார்.

அன்றைக்கு நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். திருச்சியில் பேசினது கண்ணை மூடித் திறப்பதற்குள் புதுச்சேரிக்குப் போய்விடுகிறது. புதுச்சேரியிலிருந்து "உயிரோட இருக்கோம்" என்கிற இரண்டு வார்த்தை எங்கள் கரைக்கு வர ஒரு முழு ராத்திரி பிடிக்கிறது. இவர்களுடைய சத்தத்துக்காக நாங்கள் இங்கே காது கொடுத்து நின்ற அதே நேரத்தில், இவர்கள் அங்கே உட்கார்ந்து என் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கர் வைத்த கம்பங்கள் ஊருக்கு ஊர் நிற்கின்றன, ஒன்றுக்கும் திருப்பிச் சொல்ல வாய் கிடையாது. எப்போதாவது கட்டுமரத்தில் போகிறவன் மடியில் சின்னதாக ஒரு பெட்டி இருக்கும், அதில் அவன் பேசுவான், கரையில் அவன் பெண்டாட்டி கேட்பாள் என்று சித்தியிடம் சொன்னேன். "அந்த ஆளு வாய்க்கு அது வேற கேடா" என்றாள்.

சாயங்காலம் சாவடி கூடிற்று. பேச்சு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம், பெண் சொன்னபடி சர்க்கார் ரேடியோவில் பேசியிருக்கிறாள், சாட்சி இருக்கிறது என்றது. இன்னொரு பக்கம், சாட்சி ஏறினது புதுச்சேரிக் கரை, அது சாட்சியே இல்லை என்றது. சித்தப்பா அதற்குத்தான் ரொம்பக் கோபப்பட்டார். "குடிச்சவனுக்கு ஒத்தப் பனையும் வெளக்கும் எப்படிய்யா ஞாபகம் இருக்கும்? வார்த்தைக்கு வார்த்த அவ சொன்னதச் சொல்றேன்" என்று எழுந்து நின்று என் பேச்சைத் திரும்ப ஒப்பித்தார். பாறை இருக்கிற இடம் ஊரில் தெரியாதவர்களுக்கும் அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்குப் புரிந்தது. உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை.

சிரிப்பு அடங்கினதும் மாமா பேசினார். கடைசிப் பேச்சு.

"பொட்டியில அவ குரலு வந்ததுக்கு அவ சித்தப்பன் சாட்சி. அதுல இனி பேச்சு இல்ல. பாறையச் சொன்னது தப்பு. அதுக்குத்தான் நான் யோசன பண்ணேன். நம்மகிட்ட இன்னும் நாலஞ்சு பாறை இருக்குது. வல பின்ற எடத்துல காதக் குடுத்துக்கினு வளந்தவ, எல்லாம் அவளுக்குத் தெரியும். இவள இங்கயே வெச்சிருந்தா என்னிக்காச்சும் மிச்சத்தயும் சொல்லிடுவா." சிரிக்காமல் சுற்றிலும் பார்த்தார். "அதனால சிதம்பரத்துலயே கெடக்கட்டும். படிக்கட்டும். பாப்பா, இனிமே ரேடியோல மீனப் பத்திப் பேசக் கூடாது. ஆடு மாடப் பத்திப் பேசிக்க."

அவர் சொன்னபடியே டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டல் கேட் வரைக்கும் வந்தார். உள்ளே ஆண்களுக்கு அனுமதி இல்லை என்று வாட்ச்மேன் சொன்னதும், "அது நல்லது" என்று திருப்தியோடு திரும்பிப்போனார்.

ஹாஸ்டலில் என் அறைக்காரி கீரப்பாளையம். அப்பாவுக்கு நிலம், வீட்டில் சொந்த ரேடியோ. என் பேச்சைக் கேட்டாளாம். "நீதானா அது? ஆரம்பம் கேட்டேன். அப்புறம் எங்க அப்பா சென்னைக்குத் திருப்பிட்டார், நெல்லு வெல சொல்ற நேரம்னு" என்றாள். எனக்கு வருத்தமில்லை. இரண்டு ஒன்றாகிற இடத்திலிருந்து கொஞ்சம் நகர்த்தினால் அப்படித்தான். பொது அறையில் சாயங்காலம் ரேடியோ பாடும்போது எல்லாரும் பாட்டைக் கேட்பார்கள். நான் பாட்டுக்கு முன்னால் வருகிற அந்த இரைச்சலுக்காகப் போய் நிற்பேன்.

முதல் லீவுக்கு ஊருக்கு வந்தபோது அம்மா என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. கூடையோடு நேராகக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காலை வெயிலில் கடல் பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது. வெளியே, விளக்குக் கோபுரத்துக்கு நேரே, எங்கள் பாறை இருக்கிற இடத்தில், எங்கள் ஊருடையதாக இல்லாத பாய்கள் நின்றன. காவி ஒட்டுப்போட்ட ஒன்று, கறுத்த ஒன்று, அதற்கும் அப்பால் நன்றாகத் தெரியாத இன்னும் சில. வடக்கத்தி மரங்கள். சித்தப்பா ஒரு நாள் கிட்டே போய்ச் சத்தம் போட்டாராம். "நாங்க ரேடியோல கேட்டுத்தான் வந்தோம், வேணும்னா சர்க்கார்கிட்ட போய்ச் சொல்லு" என்றார்களாம். அன்றிலிருந்து வீட்டில் என்னைப் பற்றி அவர் பேசுவதில்லை. வடக்கே கேட்கிற மாதிரி என்னைத் திட்டுகிறார், அவ்வளவுதான்.

அம்மா கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தாள். ரேடியோவில் என் குரலை அவள் இன்னும் கேட்டதில்லை. டேப்பில் எடுத்தது, அலையில் போனது, நான் இங்கே அது அங்கே, இதில் எதையும் அவள் நம்பவுமில்லை.

"பாரு" என்றாள், பாய்களைக் காட்டி. "நீ பேசினது."

கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு மஞ்சக்குப்பம் பக்கம் நடந்தாள். நான் ரொம்ப நேரம் அங்கேயே நின்று அந்தப் பாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.